மஞ்சள் கெனுலா

பொரளை. இரவு இரண்டே கால்.
பதினொரு மாதப் பிள்ளை,
வாந்தியிலும் வயிற்றோட்டத்திலும் வற்றி
கை வெறும் ஈரத்துணி.
நரம்பு எங்கோ உள்ளே ஒளித்துக்கொண்டது.
நான் தேடத் தேட ஆழம் போனது.

முதல் குத்து, வலக்கை. இல்லை.
இரண்டாவது, இடக்கால். வந்தது, வெடித்தது,
தோலுக்கடியில் நாவல்பழ நிறத்தில் பரவியது.
தாய் ரிஸானா சுவர்ப்பக்கம் திரும்பினாள்.
காலைப் பிடித்திருந்த தில்ஹானி
என்னைப் பார்க்காமலிருக்க
சேலைன் போத்தலைப் பார்த்தாள்.

ஒரே கை மூன்றாம் தரம் குத்தாது,
அது எங்கள் வாட்டுப் பேச்சு.
அன்றைக்கு வேறு கை இல்லை. டொக்டர்
கீழ்மாடியில், வலிப்பு வந்த பிள்ளையோடு.

பதினேழு வருஷம் இந்தக் கைக்கு.
எதையும் அதன்பாட்டில் விடுகிறவள் அல்ல நான்.
சம்பளத்தை ஏழு கடித உறைக்குள் பிரிக்கிறவள்.
பஸ்ஸில் சாரதிக்குப் பதிலாக
என் கால் பிரேக் அழுத்தும்.
மகன் நிரூஷன் எங்கே நிற்கிறான் என்று
போனில் ஒரு நீலப் புள்ளி காட்டும்.
அந்தப் புள்ளியையும் விரலால் தள்ளி
வீட்டுப்பக்கம் கொண்டுவரப் பார்த்திருக்கிறேன்.

ரப்பர் பட்டியைக் கழற்றினேன்.
சுடுதண்ணீரில் பிழிந்த துணியை
பிள்ளையின் கையில் சுற்றினேன்.
பிறகு செய்ய ஒன்றும் இருக்கவில்லை.
அதுதான் பெரிய வேலையாக இருந்தது.

மின்விசிறி சுற்றுக்கொரு தரம் தட்டியது.
பேஸ்லைன் வீதியில் ஒரு லொறி
கியர் மாற்றி, இருமி, போனது.
அழுது களைத்த பிள்ளை
என் பெருவிரலைப் பிடித்தபடி கண் செருகியது.
எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள்.
மணிக்கூடு தலைக்கு மேலேதான் இருந்தது.

துணியை எடுத்தபோது
கண் வேலைக்கு வரவில்லை.
சுட்டுவிரல் மட்டும்
தன்பாட்டில் நடந்து ஓரிடத்தில் நின்றது.
ஊறிய கடலையைத் தோலோடு தொட்டாற்போல்
ஒரு சின்னத் திமிறல்.
நிறமில்லை, கோடில்லை,
இருந்தது.

ஊசி போனது.
மஞ்சள் மூடிக்கு அடியில்
ஒரு துளி சிவப்பு
அவசரமில்லாமல் வந்து எட்டிப்பார்த்தது.
பிள்ளை விழிக்கவில்லை.
"ஹரி" என்றாள் தில்ஹானி.
ரிஸானா அல்ஹம்துலில்லாஹ் சொன்னாள்.
நான் பிளாஸ்டர் ஒட்டினேன்,
அதைக் கொஞ்சம் இறுக்கித்தான்.

பதிவேட்டில் எழுதினேன்:
இரண்டு ஐம்பது, சேலைன் ஏற்றினேன்.
எழுதிவிட்டுக் கொஞ்சம் நின்றேன்.
ஏற்றினேன் என்றால் நான்.
ஏறியது என்றால் அது.
நடுவில் ஒரேயொரு ஒற்று கழன்றிருக்கிறது.
ஆனால் பதிவேட்டில்
கையெழுத்துக்கு ஆள் வேண்டும்.
போட்டேன்.

காலை ஏழரை, கொட்டாஞ்சேனை பஸ்.
வெள்ளவத்தையில்
இரசாயன வகுப்பில் இருக்கவேண்டிய நீலப் புள்ளி
தெஹிவளையைத் தாண்டி
தண்டவாளத்தோடு தெற்கே போகிறது.
கடல் பக்கம்.
யாரோடு? ஏன்? காசு ஏது?
அழைக்க விரல் போனது.
ராத்திரி கடலையைத் தொட்ட அதே விரல்.
போனைக் கவிழ்த்து மடியில் வைத்தேன்.

மருதானையில் திருப்பிப் பார்த்தேன்.
பஞ்சிகாவத்தையில் இன்னொரு தரம்.
புள்ளி இப்போது நின்றிருந்தது,
தண்ணீரின் விளிம்பில்,
சுற்றிலும் பெயரில்லாத வெளிர்நீலம்.
நிற்கட்டும் என்று நினைத்தேன்.
இல்லை, அதை நினைக்கக்கூட இல்லை.

ஆமர் வீதிச் சந்தியில் ஒரு முச்சக்கரவண்டி குறுக்கே விழ
சாரதி முழுப் பலத்தில் பிரேக் போட்டான்.
பஸ் மொத்தமும் முன்னே சாய்ந்து
ஒரே குரலில் அவனைத் திட்டியது.
கொஞ்சம் பிந்தித்தான் கவனித்தேன்:
என் கால் சப்பாத்துக்குள் சும்மா கிடந்தது.

நித்திரைத் தூக்கமாகவும் இருக்கலாம்.